ஐந்தே ஆட்டம் ஆடிய லைன்மேன் வாத்தியார் ஆன கதை

நம்மூரில் லைன்மேன் என்றால் மின்வாரியக்காரர். கரண்ட் இருக்கும்வரை அவர் ஞாபகம் யாருக்கும் வராது. மழை ராத்திரியில் ஃபியூஸ் போனால்தான் அவருடைய நம்பரைத் தேடுவோம். அமெரிக்கக் கால்பந்திலும் லைன்மேன் என்றொரு ஆட்டக்காரர் உண்டு, அவர் பிழைப்பும் ஏறக்குறைய இதேதான். வேலையை ஒழுங்காகப் பார்க்கும்வரை கேமரா அவர் பக்கம் திரும்பாது. தப்புச் செய்தால் மட்டும் நடுவர் மைக்கைப் பிடித்து, அவருடைய சட்டை எண்ணை மைதானம் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார்.

அந்த லைன்மேன்களில்கூட நிலையாக ஓர் அணியில் தங்காமல், பெட்டியை முழுசாக அவிழ்க்கவே நேரமில்லாமல், ஊர் ஊராக வாய்ப்புத் தேடிப் போகிற ஒரு கூட்டம் இருக்கிறது. முகாமுக்குக் கூப்பிடுவார்கள், ஒரு மாதம் வைத்திருப்பார்கள், பிறகு பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். ஆட்டக்காரராக அவர்கள் சாதித்தது என்று சொல்ல அதிகம் இருக்காது. ஆனால் பயிற்சியாளர்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அங்கே இந்தக் கூட்டத்து ஆட்கள் நிறைய. ஏன் இப்படி? டக் மரோன் என்ற ஒருவரின் வழியைப் பிடித்துக்கொண்டு போனால் பதில் ஓரளவு கிடைக்கும்.

முதலில் அந்த வேலை என்னவென்று தெரிய வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். ஆளுக்கு நூற்று நாற்பது கிலோவுக்கு மேல் இருப்பார்கள். சாதாரண ஆட்டநிலையில் இவர்கள் முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கக் கூடாது. எதிரியைக் கையால் பற்றி இழுத்தால் 10 கெஜம் தண்டனை. அணியின் மூளையான குவாட்டர்பேக் பந்தை எறிவதற்கு ஏறக்குறைய இரண்டரை வினாடி வேண்டும். அந்த இரண்டரை வினாடியை உண்டாக்கிக் கொடுப்பதுதான் இந்த ஐந்து பேரின் சம்பளத்துக்கான வேலை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் இருந்தால் அவருக்குச் சந்து திறந்துவிட வேண்டும்.

தள்ளுமுள்ளு மாதிரித் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இடது கார்டுக்கு நேரே ஒரு எதிரி, இடது டேக்கிளுக்கு நேரே இன்னொரு எதிரி. சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும் இரண்டு எதிரிகளும் நேராக வராமல் கத்தரிக்கோல் போலக் குறுக்கே மாறுகிறார்கள். உள்ளே இருந்தவர் வெளியே போய் டேக்கிள் மேல் மோதுகிறார், வெளியே இருந்தவர் அவர் முதுகைச் சுற்றி உள்ளே பாய்கிறார். இப்போது கார்டு தன் ஆளின் பின்னாலேயே போனால் நடுவில் வாசல் திறந்துவிடும். போகாமல் நின்று, அவரை டேக்கிளிடம் ஒரு தள்ளுத் தள்ளி ஒப்படைத்துவிட்டு, கண்ணை உள்பக்கம் திருப்பி, சுற்றி வருகிறவரை மார்பில் கைவைத்து நிறுத்த வேண்டும். டேக்கிள் அதே நொடியில் தன் ஆளை விட்டுவிட்டுப் புது ஆளை ஏற்க வேண்டும். ஒருவர் அரை வினாடி முன்னால் விட்டாலும் சரி, பின்னால் விட்டாலும் சரி, குவாட்டர்பேக் தரையில் கிடப்பார். இதற்குள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள், பெரும்பாலும் ஒரே ஒரு அசை. அவ்வளவுதான் நேரம்.

ஆக, லைன்மேனுக்குத் தன் வேலை மட்டும் தெரிந்தால் போதாது. பக்கத்தில் நிற்பவர் என்ன நினைக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். உட்கார்ந்திருக்கும் மாற்று லைன்மேனுக்கோ இன்னும் ஒரு சுமை கூடுதல். ஆட்ட நாளில் ஓர் அணி எல்லா லைன்மேன்களையும் களத்துக்குக் கொண்டுவர முடியாது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லின் இப்போதைய விதிப்படி 48 பேரை ஆட்டத்துக்குத் தயாராக வைக்க வேண்டுமென்றால் அதில் குறைந்தது எட்டு பேர் இந்த வரிசைக்காரர்களாக இருக்க வேண்டும். ஐந்து பேர் ஆட, மூன்று பேர் காத்திருப்பார்கள். அந்த மூவரில் ஒருவர் கார்டாகவும் சென்டராகவும், இன்னொருவர் இரண்டு பக்க டேக்கிளாகவும் இறங்கத் தெரிந்திருக்க வேண்டும். யாருக்குக் கால் பிசகும் என்று முன்கூட்டித் தெரியாதே. நட்சத்திரம் ஒரு இடத்தை உடம்பால் கற்றுக்கொள்கிறார். மாற்று ஆட்டக்காரர் ஐந்து இடத்தையும் கண்ணாலும் நோட்டுப் புத்தகத்தாலும் கற்றுக்கொள்கிறார். பின்னால் யாருக்காவது சொல்லிக் கொடுக்க வேண்டி வரும்போது இந்த இரண்டாவது வகைப் படிப்புதான் கைகொடுக்கிறது.

மரோன் 1964-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். அங்கேயே லேமன் உயர்நிலைப் பள்ளியில் ஆடி, மாநிலத்தின் வடக்கே இருக்கும் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிராங்ஸுக்கும் லைன்மேன்களுக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. வின்ஸ் லொம்பார்டி 1930-களில் அதே பிராங்ஸில் உள்ள ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் கார்டாக ஆடினார். அந்த வரிசைக்கு ‘ஏழு கருங்கல்’ என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயர் இருந்தது. லொம்பார்டி தொழில்முறை ஆட்டத்தில் பெயரெடுத்தவரே இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளராகத் தொடங்கிய அவர் பெயரில்தான் இன்று என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பை இருக்கிறது.

1986-ல் லாஸ் ஏஞ்சலஸ் ரெய்டர்ஸ் மரோனை ஆறாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் அந்தத் தேர்வு அப்போதெல்லாம் 12 சுற்று நடக்கும். ஆறாவது சுற்று என்றால், ‘வந்து பார், பிடித்தால் வைத்துக்கொள்கிறோம்’ என்று அர்த்தம். வைத்துக்கொள்ளவில்லை. 1987-ல் மயாமி டால்ஃபின்ஸில் நான்கு ஆட்டம். 1989-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் ஒரே ஒரு ஆட்டம். ஆக மொத்தம் ஐந்து. என்.எஃப்.எல். ஆட்டக்காரராக அவர் கணக்கு அதோடு முடிந்தது.

ஆனால் ஆட்டம் முடியவில்லை. 1991-ல் என்.எஃப்.எல். ஆதரவோடு ‘வேர்ல்ட் லீக்’ என்று ஒன்று தொடங்கினார்கள். பத்து அணிகள், அதில் மூன்று ஐரோப்பாவில்: லண்டன், பார்சிலோனா, ஃபிராங்ஃபர்ட். அமெரிக்காவில் கதவு சாத்தப்பட்டவர்களுக்கு அது இன்னொரு கதவு. மரோன் லண்டன் மொனார்க்ஸில் சேர்ந்தார். அந்த அணி முதல் வருடம் பத்து ஆட்டத்தில் ஒன்பதை ஜெயித்தது. 1991 ஜூன் 9 அன்று வெம்பிளி மைதானத்தில் 61,000-க்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன்னால் பார்சிலோனாவை 21-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. ஐந்து ஆட்டத்தோடு சொந்த ஊரில் கழித்துக்கட்டப்பட்ட ஆளுக்கு வெம்பிளியில் ஒரு பட்டம். இந்த வெம்பிளி பின்னால் இன்னொரு முறை வரும்.

1992-ல் அவர் பயிற்சியாளர் வேலைக்கு வந்தார். எங்கே? நியூயார்க் மாநிலத்தில் கோர்ட்லண்ட் என்ற சிற்றூர்க் கல்லூரி. மூன்றாம் பிரிவு. இந்தப் பிரிவில் ஆட்டத்துக்காக உதவித்தொகை கொடுக்கும் வழக்கமே கிடையாது, மாணவர்கள் விருப்பத்துக்காக ஆடுகிறார்கள். அடுத்த வருடம் கனெக்டிகட்டில் கடலோரக் காவல்படை அகாடமி. அதற்கடுத்த வருடம் பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம். மூன்று வருடம், மூன்று ஊர். ஆட்டக்காரராக ஊர் சுற்றியவர் பயிற்சியாளராகவும் அதே வேகத்தில்தான் சுற்றினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆடும்போது பழகிய பெட்டி கட்டுகிற வித்தை வீண்போகவில்லை.

இந்த அடிமட்ட வருடங்களை வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கென்னவோ அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. என்.எஃப்.எல். லைன்மேனுக்கு, ‘கை உள்ளே போகட்டும், இடுப்பு இறங்கட்டும்’ என்றால் போதும், உடம்பு தானே செய்துவிடும். கடலோரக் காவல்படையில் அதிகாரியாகப் போகிற, தொண்ணூறு சொச்சம் கிலோ எடையுள்ள பையனிடம் அதே வாக்கியம் பலிக்காது. எந்தக் கால் முதலில், எத்தனை அங்குலம், பாதம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், ஏன் என்று உடைத்து உடைத்துச் சொல்ல வேண்டும். திறமை குறைந்த மாணவர்கள்தான் வாத்தியாரை நல்ல வாத்தியார் ஆக்குகிறார்கள். பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும்.

1995-ல் பெரிய வாய்ப்பு: ஜார்ஜியா டெக் என்ற கல்வி நிறுவனம். அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஜார்ஜ் ஓலியரி. இவர் யார் என்றால், மரோன் சிரக்யூஸில் மாணவராக ஆடிய காலத்தில் அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். இந்தத் தொழிலில் வேலை கிடைப்பது இப்படித்தான். விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் பேருக்கு. பத்து வருடம் முன்னால் உன்னை யார் பார்த்தார், நீ எப்படி உழைத்தாய் என்று யாருக்கு நினைவிருக்கிறது என்பதுதான் கணக்கு. ஊர் ஊராகச் சுற்றிய ஆட்டக்காரருக்கு இதில் ஒரு அனுகூலம்: நாலு அணியில் நாலு பயிற்சியாளர்களிடம் வேலை பார்த்திருப்பார், நாலு விதமான பாஷையில் ஆட்டத்தைக் கற்றிருப்பார், நாலு ஊரிலும் அவரைத் தெரிந்தவர் இருப்பார். ஒரே அணியில் பத்து வருடம் ஆடிய நட்சத்திரத்துக்கு ஒரு பாஷைதான் தெரியும்.

ஜார்ஜியா டெக்கில் ஐந்து வருடம் நிலையாக இருந்தார். பிறகு 2000-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகம், இது வேறு. அந்த வருடக் கடைசியில் அங்கே தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார், உதவியாளர்களும் கலைந்தார்கள். இந்தத் தொழிலில் தலை உருண்டால் உடம்பும் உருளும். 2001-ல் டென்னசி. அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஃபிலிப் ஃபுல்மர், அவரும் அதே டென்னசியில் கார்டாக ஆடியவர். 2002-ல் மரோன் மறுபடி என்.எஃப்.எல்-க்குள் வந்தார், இந்த முறை நியூயார்க் ஜெட்ஸின் முன்வரிசைப் பயிற்சியாளராக. பத்து வருடத்தில் ஏழாவது வேலை. தன்னால் நிற்க முடியாமல் போன களத்தில் இப்போது பிறருக்கு நிற்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அங்கே அவர் கைக்கு வந்த சென்டர் கெவின் மவாய், பின்னால் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தவர். ஐந்து ஆட்டம் ஆடியவர் அப்பேர்ப்பட்ட ஆளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த மட்டத்தில் பயிற்சியாளர் பாடம் எடுப்பதைவிட, ஐந்து பேரையும் ஒரே படத்தைப் பார்க்க வைப்பதுதான் பெரிய வேலை. அந்த வார எதிரணி என்ன செய்யும், எந்த நிலையில் நின்றால் எந்தப் பக்கம் பாய்வார்கள், அதற்கு நம் ஐவரும் எந்த வார்த்தை சொல்லிப் பிரித்துக்கொள்வது என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். மவாயின் கால்கள் மரோனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் அந்த அறையில் தேவைப்பட்டவை கால்கள் அல்ல.

2004-ல் ஜெட்ஸின் கர்டிஸ் மார்ட்டின், 31 வயதில், 1,697 கெஜம் ஓடி அந்த வருடம் என்.எஃப்.எல்-லில் முதலிடம் பிடித்தார். இரண்டாவதாக வந்த சியாட்டிலின் ஷான் அலெக்சாண்டர் 1,696. ஒரே ஒரு கெஜம் வித்தியாசம். பட்டம் மார்ட்டினுக்கு, அது சரிதான். ஆனால் ஒரு பருவம் முழுக்க முந்நூற்றுச் சொச்சம் தடவை பந்தைத் தூக்கி ஓடிய மனிதருக்கு அந்த ஒரு கெஜத்தை எந்த மதியத்தில், எந்த கார்டு, யார் காலடியில் தள்ளிச் சம்பாதித்துக் கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. லைன்மேன்களுக்குத் தனியாகப் புள்ளிவிவரம் கிடையாது. அவர்கள் பெயர் ஏறும் கணக்கில் பாதி தப்புக்கணக்கு: எத்தனை தடவை குவாட்டர்பேக்கை விழவிட்டார், எத்தனை தண்டனை வாங்கினார்.

2006-ல் செயின்ட்ஸ் அணி. கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைப் புரட்டிப்போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. முந்தைய பருவத்தில் அணி சொந்த மைதானமே இல்லாமல் அலைந்து 3 வெற்றி, 13 தோல்வி. புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டன், மரோனைத் தாக்குதல் பிரிவின் ஒருங்கிணைப்பாளராக எடுத்தார். களத்தில் எந்த ஆட்டம் என்று முடிவு செய்வது பேட்டன்தான், முன்வரிசையைக் கட்டுவதில் மரோனுக்குப் பெரிய பங்கு. அந்த வருடம் நான்காவது சுற்றில் ஜாரி எவன்ஸ் என்ற கார்டை எடுத்தார்கள். படித்தது பென்சில்வேனியாவில் ப்ளூம்ஸ்பர்க் என்ற இரண்டாம் பிரிவுக் கல்லூரி, பெரிய அணிகள் ஏறெடுத்துப் பார்க்காத இடம். அவர் முதல் வருடமே ஆட வந்து, பின்னாட்களில் ஆறு முறை, சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார். 2008-ல் அந்த வரிசைக்குப் பின்னால் நின்று குவாட்டர்பேக் ட்ரூ ப்ரீஸ் 5,069 கெஜம் எறிந்தார்.

அந்தப் பருவம் முடிந்ததும் மரோன் கிளம்பிவிட்டார். அடுத்த பருவத்திலேயே செயின்ட்ஸ் சூப்பர் பவுல் ஜெயித்தது. அதிர்ஷ்டத்தை என்ன சொல்ல.

கிளம்பியதற்குக் காரணம் இருந்தது. சிரக்யூஸ் கூப்பிட்டது, அதுவும் தலைமைப் பயிற்சியாளராக. தாய்வீடு என்றாலும் வீடு அப்போது இருந்த நிலைமை வேறு. முந்தைய நான்கு வருடத்தில் களத்தில் 10 வெற்றி, 37 தோல்வி. மரோனின் முதல் வருடம் 4-8. இரண்டாம் வருடம் 8-5. 2001-க்குப் பிறகு கண்ணில் படாத கணக்கு அது. அந்த வருடக் கடைசி ஆட்டம் பின்ஸ்ட்ரைப் பவுல் என்ற போட்டி, அதற்கு அது முதல் வருடம். இடம் யாங்கி ஸ்டேடியம், பிராங்ஸ். பிறந்த பேட்டைக்கே வந்து நின்றார் மனிதர்.

2010 டிசம்பர் 30. எதிரணி கேன்சஸ் ஸ்டேட். சிரக்யூஸின் டெலோன் கார்ட்டர் 198 கெஜம் ஓடினார். முன்வரிசை சரியாக வேலை செய்த நாள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது 36-28. கேன்சஸ் ஸ்டேட் பந்தை எதிரெல்லைக்குள் கொண்டுபோய் ஒரு டச்டவுன் போட்டு 36-34 ஆக்கியது. இரண்டு புள்ளிக்கான கூடுதல் முயற்சி பலித்தால் சமன். மூன்று கெஜத்திலிருந்து முயலலாம், கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் டச்டவுன் போட்ட பையன் உற்சாகத்தில் கூட்டத்தைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தான். நடுவர் கொடியை வீசினார்: அதிகப்படியான கொண்டாட்டம், 15 கெஜம் தண்டனை. மூன்று கெஜம் பதினெட்டு ஆனது. முயற்சி வீண். சிரக்யூஸ் ஜெயித்தது. அந்தத் தண்டனை அநியாயம் என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. மரோனின் பெருமை மிக்க வெற்றியில் ஒரு சல்யூட்டுக்கும் பங்கு உண்டு.

2012-ல் மறுபடி அதே மைதானம், அதே போட்டி, பனி கொட்டும் நாளில் வெஸ்ட் வெர்ஜீனியாவை 38-14 என்று வென்றார். நான்கு வருடக் கணக்கு சரியாக 25 வெற்றி, 25 தோல்வி. பக்கத்து ஊரான பஃபலோவின் பில்ஸ் அணி உடனே வந்து தூக்கிக்கொண்டது. என்.எஃப்.எல். தலைமைப் பயிற்சியாளர். ஐந்து ஆட்டக்காரர் போகக்கூடிய உச்சி.

இங்கேதான் கதை கொஞ்சம் கோணலாகிறது. 2013-ல் 6-10. 2014-ல் 9-7, அந்த அணிக்கு பத்து வருடத்தில் முதல் தடவையாக வெற்றிகள் தோல்வியைத் தாண்டின. அந்த வருடம்தான் அணியை நிறுவிய உரிமையாளர் ரால்ஃப் வில்சன் 95 வயதில் காலமாகி, பெகுலா குடும்பம் அணியை வாங்கியது. உரிமையாளர் மாறினால் விலகிக்கொள்ளலாம் என்று மரோனின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அதைப் பயன்படுத்தி டிசம்பர் 31 அன்று விலகினார். சம்பளமாக 40 லட்சம் டாலரும் கையில் வரும் என்று செய்திகள் சொல்லின. பஃபலோ ரசிகர்கள் இதை மறக்கவே இல்லை. அவர் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. முகாமில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டுப் பெயரை அடித்த காலத்தைப் பார்த்தவர் அவர். அணி தன்னைக் கைவிடும் முன் தான் கைவிடலாம் என்ற ஷரத்து கிடைத்தால் அதை அலமாரியில் வைத்துப் பூட்டுவாரா என்ன. ஆனால் கணக்குத் தப்பியது. வேறு தலைமைப் பதவி அப்போது அமையவில்லை. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸில் மறுபடி முன்வரிசைப் பயிற்சியாளராகத்தான் போனார்.

2016 கடைசியில் அங்கே தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட, மரோன் தற்காலிகமாக உட்கார்ந்தார், பிறகு நிரந்தரமானார். முந்தைய பருவம் 3-13 என்றிருந்த அணி 2017-ல் 10-6. ஒரு லைன்மேன் அணியை எப்படிக் கட்டுவார் என்று கேட்டால் அந்த வருட ஜாகுவார்ஸைக் காட்டலாம்: பந்தைத் தூக்கி ஓடுவதில் என்.எஃப்.எல்-லிலேயே முதலிடம். நாகரிகமான எறியாட்டம் கொடிகட்டிப் பறந்த காலத்தில், பழைய பாணியில் முட்டி மோதி முன்னேறியது அந்த அணி. செப்டம்பரில் லண்டன் போய் பால்டிமோரை 44-7 என்று நொறுக்கினார்கள். மைதானம் வெம்பிளி. 1991-ல் அவர் ஆடிய பழைய வெம்பிளியை இடித்துவிட்டு அதே இடத்தில் எழுப்பிய புதிய வெம்பிளி.

பருவக் கடைசியில் தோற்றவர் வெளியேறும் பிளேஆஃபில் முதல் எதிரி யார் என்றால், சாட்சாத் பஃபலோ பில்ஸ். 18 வருடம் கழித்து அந்த ஊர் பிளேஆஃபுக்கு வந்திருந்தது. 10-3 என்று அதை வீட்டுக்கு அனுப்பினார் மரோன். அடுத்து பிட்ஸ்பர்க்கில் 45-42. சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் 20-10 என்று முன்னிலை. அங்கிருந்து பேட்ரியட்ஸின் குவாட்டர்பேக் டாம் பிரேடி வந்து 24-20 என்று ஜெயித்தார்.

அப்புறம் இறக்கம்தான். 5-11, 6-10, 2020-ல் 1-15. முதல் ஆட்டத்தை ஜெயித்து, மீதிப் பதினைந்தையும் வரிசையாகத் தோற்ற பருவம் அது. வேலை போனது. அந்தத் தோல்விகளின் பலனாக முதல் தேர்வு உரிமை ஜாக்சன்வில்லுக்குக் கிடைத்து, ட்ரெவர் லாரன்ஸ் என்ற குவாட்டர்பேக் வந்தார். அவரை வைத்து ஆட மரோன் அங்கே இல்லை. என்.எஃப்.எல். தலைமைப் பயிற்சியாளராக அவருடைய மொத்தக் கணக்கு 38 வெற்றி, 60 தோல்வி.

லைன்மேன்கள் பிறவிப் பயிற்சியாளர்கள் என்று சொல்பவர்கள் இந்த எண்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். சக் நோலை உதாரணம் காட்டுவார்கள். 1953-ல் இருபதாவது சுற்றில் கிளீவ்லாந்து எடுத்த கார்டு அவர். பால் பிரவுன் என்ற பயிற்சியாளர் அப்போது கார்டுகளை மாற்றி மாற்றி உள்ளே அனுப்பி, அவர்கள் வாய்வழியாகத்தான் அடுத்த ஆட்டத்தைக் குவாட்டர்பேக்குக்குச் சொல்லியனுப்புவார். அந்தத் தூதர்களில் நோலும் ஒருவர். பயிற்சியாளர் என்ன நினைக்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் முதலில் கேட்டவர். 27 வயதில் ஆட்டத்தை விட்டு, பின்னால் பிட்ஸ்பர்க்குக்கு நான்கு சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தார். ஆண்டி ரீடைச் சொல்வார்கள். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் லைன்மேனாக ஆடி, என்.எஃப்.எல்-லில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், கேன்சஸ் சிட்டிக்கு மூன்று சூப்பர் பவுல் கொடுத்தார். சரி, ஆனால் ஜெயித்தவர்களை மட்டும் வரிசையாக நிற்கவைத்து எந்தத் தத்துவத்தையும் நிரூபிக்கலாம். ஊர் ஊராகச் சுற்றிய லைன்மேன்களில் எத்தனையோ பேர் மூன்றாம் பிரிவுக் கல்லூரியோடு நின்றார்கள், காப்பீடு விற்கப் போனார்கள். இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு: கோடிகளில் சம்பாதித்த நட்சத்திரத்துக்குக் கோர்ட்லண்டில் போய் விடியற்காலையில் படம் ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஐந்து ஆட்டம் ஆடியவருக்கு இருந்தது.

என் கணிப்பு இதுதான். முன்வரிசையில் படித்த படிப்பு ஐந்து பேரை ஒன்றாக இயங்க வைக்கும் படிப்பு. அது முன்வரிசை அறைக்கு அப்படியே பொருந்தும். ஐம்பத்துமூன்று பேர், உரிமையாளர், பத்திரிகையாளர், சம்பள உச்சவரம்பு என்று விரியும் தலைமைப் பதவி வேறு தொழில். நோலும் ரீடும் இரண்டையும் கற்றார்கள். மரோனுக்கு முதலாவது நன்றாக வந்தது, இரண்டாவது விட்டு விட்டு வந்தது. வேலை போன பிறகு அவரை யார், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று பார்த்தாலே தெரியும். 2021-ல் அலபாமாவில் நிக் சேபன் கூப்பிட்டார், முன்வரிசைக்கு. அங்கே அவர் கையில் இருந்த இடது டேக்கிள் எவன் நீல் அடுத்த வருடம் ஏழாவது தேர்வாக என்.எஃப்.எல்-லுக்குப் போனார். 2022-ல் செயின்ட்ஸ், முன்வரிசைக்கு. 2025-ல் பேட்ரியட்ஸ், அதுவும் முன்வரிசைக்கே.

இந்த வேலைக்குக் கிராக்கி கூடியதற்கு ஒரு காரணம் களத்துக்கு வெளியே இருக்கிறது. 2011-ல் ஆட்டக்காரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, பருவம் நடக்கும்போது முழுக் கவசத்தோடு மோதிப் பழகும் பயிற்சி 14 நாளுக்கு மேல் கூடாது. உடம்புக்கு நல்லது, ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. ஆனால் மோதலையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு மோதிப் பழக வழியில்லை என்றால்? ஓடுபவரும் எறிபவரும் கவசமில்லாமலும் பழகலாம், லைன்மேனால் முடியாது. போதாக்குறைக்கு, கல்லூரிகளில் இப்போது ஆட்களை விரித்து நிறுத்தி வேகமாக எறியும் பாணி. கையைத் தரையில் ஊன்றி நின்று பழகாமலேயே பல லைன்மேன்கள் என்.எஃப்.எல்-லுக்கு வந்துவிடுகிறார்கள். ஆக, பயிற்சி நேரம் குறைந்திருக்கிறது, சொல்லிக் கொடுக்க வேண்டியது கூடியிருக்கிறது. படத்தை நிறுத்தி நிறுத்தி வாயால் விளக்கத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு ஏறாமல் என்ன செய்யும்.

2025 தேர்வில் பேட்ரியட்ஸ் நான்காவதாக எடுத்தது வில் கேம்ப்பெல் என்ற 21 வயது இடது டேக்கிளை. தேர்வுக்கு முன்னால் இரண்டு மாதம் அவரைப் பற்றிய பேச்செல்லாம் கை நீளத்தைப் பற்றித்தான். இடது டேக்கிளுக்கு 33 அங்குலமாவது வேண்டும் என்பது தேர்வாளர்களின் கணக்கு. அளந்தபோது 32 அங்குலத்தைத் தாண்டி எட்டில் ஐந்து பங்குதான் வந்தது. கை கொஞ்சம் குட்டையானால் எதிரி முதலில் தொட்டுவிடுவான், தொட்டவன் தள்ளிவிடுவான் என்பது பயம். கையை நீட்டிக்கொடுக்க எந்தப் பயிற்சியாளராலும் முடியாது. முதல் காலடியை எங்கே வைத்தால், கையை எந்தக் கணத்தில் அனுப்பினால் கை நீளம் குறைவது எதிரிக்குத் தெரியாமல் போகும் என்று காட்டுவதற்குத்தான், கடலோரக் காவல்படைப் பையன்களிடம் அங்குலம் அங்குலமாகச் சொல்லிப் பழகிய மனிதரை அந்த அறையில் உட்காரவைத்தார்கள்.